ஆகஸ்ட் வந்தால் ஏன் தடுமாறுகிறது?

"2024-07-15" என்ற தேதியைச் சரியாகப் படித்த சி நிரல், "2024-08-15" வந்ததும் மாதம் 0 என்கிறது. ஏன்?

எஸ்ஸ்கேன்எஃப் செயற்கூறுக்கு "%ஐ-%ஐ-%ஐ" என்று வடிவம் கொடுத்ததுதான் காரணம். %ஐ எண்ணின் அடிமானத்தைத் தானே முடிவு செய்யும். முன்னால் 0எக்ஸ் இருந்தால் 16. வெறும் 0 இருந்தால் 8. எட்டடிமானத்தில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். அதனால் 07 தப்பித்துவிடுகிறது. 08-இல் 0-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, 8-ஐக் கண்டதும் வாசிப்பு நிற்கிறது. அடுத்து வரவேண்டியது '-' குறி; அங்கே நிற்பதோ 8. பொருந்தாததால் செயற்கூறு அத்தோடு முடிந்துவிடும். நாளுக்கான மாறியில் பழைய மதிப்பே கிடக்கும்.

செப்டம்பரிலும் இதே கதை. அக்டோபரில் 10 என்பதால் மாதம் தானாகச் சரியாகிவிடும். பிழை தேடுபவருக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை!

%ஐ-க்குப் பதில் %டி போட்டால் போதும். அது எப்போதும் பத்தடிமானம். கூடவே, செயற்கூறு திருப்பித் தரும் எண்ணையும் கட்டாயம் பாருங்கள். மூன்று மதிப்புகளும் கிடைத்திருந்தால் 3. மேலே %ஐ-யில் தடுமாறிய ஆகஸ்ட் தேதிக்கு 2. ஆனால் "2024-13-45"-க்கும் 3 தான் வரும். மாதம் 12-க்குள் இருக்கிறதா என்று நிரலில் தனியே சோதிக்க வேண்டும்.