மாத்திரை மட்டும் போதுமா, டாக்டர்?

எச்.ஐ.வி. நோயாளிகள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன் டாக்டர்."

"சரி, அடுத்த மாசம் வாங்க!"

எச்.ஐ.வி. சிகிச்சையில் பல நேரம் பேச்சு இத்தோடு முடிந்து விடுகிறது. தாம்பத்தியம் பற்றி டாக்டர் கேட்பதில்லை. நோயாளியும் வாய் திறப்பதில்லை. தவிப்பது குடும்பம்!

நாட்டிலேயே முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில்தான். அது 1986-ம் ஆண்டு. அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது 2004-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந்தேதி. முதலில் கொடுத்த இடங்களில் தாம்பரம் நெஞ்சக நோய் ஆஸ்பத்திரியும் ஒன்று. இன்று தினமும் மாத்திரை சாப்பிடுபவர் வேலைக்குப் போகிறார். கல்யாணம் செய்கிறார். பிள்ளை பெறுகிறார். ஆயுள் நீண்டால் ஆசையும் இருக்கும்தானே!

தனிப்பாய் எதற்கு?

மனைவிக்குத் தொற்றிவிடுமோ என்று பயந்து தனிப்பாயில் படுக்கும் கணவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நல்ல சேதி. மாத்திரையை விடாமல் சாப்பிட்டு, "வைரல் லோடு" பரிசோதனையில் கிருமி தென்படாத நிலை நீடித்தால், உடலுறவால் துணைக்குத் தொற்றாது.

ஐரோப்பாவில் 14 நாடுகளில் 888 ஜோடிகளை ஆராய்ந்து, 2016-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஆணுறை இல்லாமல் சுமார் 58 ஆயிரம் முறை உறவு நடந்தும், மருந்து சாப்பிட்ட துணையிடம் இருந்து ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை.

அதற்காக ஆணுறையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மேகப்புண், வெட்டை போன்ற நோய்களை இந்த மாத்திரை தடுக்காது. மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கிருமியும் மறுபடி பெருகும்.

லாட்ஜ் வைத்தியர் ஜாக்கிரதை!

ஆண்மைத் தளர்ச்சி என்றால் சிலர் டாக்டரிடம் சொல்லாமல் லாட்ஜ் வைத்தியரைத் தேடிப் போகிறார்கள். சிலர் கடையில் "வீரிய மாத்திரை" வாங்கி விழுங்குகிறார்கள். இது ஆபத்து. இரண்டாம் கட்ட சிகிச்சையில் தரும் சில மருந்துகளோடு அது சேர்ந்தால், ரத்தத்தில் அதன் அளவு எகிறிவிடும். ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம்.

பெண்களுக்கு வேறு கவலை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்ற பெண்களைவிட 6 மடங்கு அதிகம். 25 வயதிலேயே பரிசோதனை தொடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "வெள்ளைப்படுதா? வலி இருக்கா?" என்று யாராவது கேட்டால்தானே அவர் சொல்வார்?

எப்படிக் கேட்பது?

வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்கக் கூடாது. கதவைச் சாத்திவிட்டு, "எல்லாரிடமும் கேட்கிறதுதான். தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தால் பாதிக் கூச்சம் போய்விடும். துணைக்குப் பரிசோதனை ஆச்சா, ஆணுறை உண்டா, புண் இருக்கா, குழந்தை வேண்டுமா என்று கேட்க ஐந்து நிமிடம் போதும். "ஏன் இப்படிப் போனே?" என்று அதட்டினால் அடுத்த முறை உண்மை வராது.

வெளியே தெரிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். 2018-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந்தேதி அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, நோயாளியின் சம்மதம் இல்லாமல் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது.

டாக்டர் கேட்காவிட்டால் என்ன? நீங்களே கேளுங்கள். நேரில் கேட்கக் கூச்சமா? 1097-க்கு போன் போடுங்கள். காசு கிடையாது!