கண்ணை வந்தடையாத ஒளி

ஒரு பொருளை நாம் காண்கிறோம் எனில், அதிலிருந்து புறப்பட்ட ஒளி நம் கண்ணை வந்தடைந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். பதினோராம் நூற்றாண்டில், கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் தம் ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இதனை விரிவாக நிறுவினார். அவ்வாறாயின், பொருளை விட்டு அகலாமல் அதன் மேற்பரப்பிலேயே ஒட்டி நிற்கும் ஒளியை எங்ஙனம் காண்பது?

அத்தகைய ஒளியும் உண்டு. மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் ஒரு கூறு நானோமீட்டர். சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள வெள்ளிக் கம்பியின்மீது ஒளி படும்போது, உலோகத்தில் கட்டின்றி உலவும் எலக்ட்ரான்கள் ஒருசேர ஊசலாடுகின்றன. அதனால் மேற்பரப்பை அடுத்து ஒளிப்புலம் பன்மடங்கு செறிவடைகிறது. இதனை அண்மைப்புலம் என்பர். சற்று விலகினாலும் அது விரைந்து தேய்ந்துவிடுவதால் நுண்ணோக்கியின் வில்லையை எட்டுவதில்லை. மேலும், அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் சிறிய நுட்பங்களைச் சாதாரண ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டாது என்பதை 1873இல் எர்ன்ஸ்ட் அப்பே தெளிவுபடுத்தினார். பச்சை ஒளிக்கு அவ்வெல்லை சுமார் 250 நானோமீட்டர்.

நுண்ணிய ஊசிமுனையை மேற்பரப்பின் அருகே கொண்டுசென்று இப்புலத்தை அளப்பது ஒரு வழி. ஆயினும் அம்முனையே புலத்தைக் கலைத்துவிடக்கூடும். மற்றொரு வழியை, எகிப்தில் பிறந்து 1999இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற அஹ்மத் ஸுவைலின் குழு, 2009இல் கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் நிகழ்த்திக் காட்டியது.

ஒளி சென்று சொல்லாததை எலக்ட்ரான் சென்று அறிந்துவருகிறது. லேசர் துடிப்பொன்று வெள்ளிக் கம்பியில் பட்டு அண்மைப்புலத்தை எழுப்புகிறது. அதே கணத்தில் எலக்ட்ரான் துடிப்பொன்று அவ்வழியே கடக்கிறது. வெட்டவெளியில் தனித்துச் செல்லும் எலக்ட்ரான் ஓர் ஒளித்துகளை விழுங்க இயலாது. ஆற்றலும் உந்தமும் ஒருங்கே ஈடாகமாட்டா. அண்மைப்புலமோ, குறைபடும் உந்தத்தை ஈடுசெய்கிறது. ஆகவே எலக்ட்ரான் ஒன்று, இரண்டு, மூன்று என முழு எண்ணிக்கையில் ஒளித்துகள்களின் ஆற்றலைப் பெறுகிறது, அல்லது இழக்கிறது. ஆற்றல் பெற்றவற்றை மட்டும் வடித்தெடுத்துப் படமாக்கினால், புலம் செறிந்த இடங்கள் ஒளிர்ந்து தோன்றும்.

இதன் பயன் யாது? இத்தகைய செறிவிடங்களில் சிக்கும் மூலக்கூறின் இராமன் சிதறல் பேரளவு பெருகுவதால், ஒற்றை மூலக்கூறையும் இனங்காண முடிகிறது. மூலக்கூறு அவ்விடத்திலிருந்து சில நானோமீட்டர் விலகினால் அக்குறி மங்கிவிடும். எனவே செறிவிடம் எதுவெனத் துல்லியமாக அறிந்தாலன்றி, நம்பத்தக்க உணரிகளை ஆக்குதல் அரிதாகும்.