மூடுபனியில் வீடியோ காமிரா

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், மலை ஏறத் தொடங்கும் முன், மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையம் இருந்த இடத்தைக் கடக்கிறோம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் இந்நிறுவனத்தின் தயாரிப்பாகவே வெளிவந்தது. அக்காலத்தில் ஒளிப்பதிவாளர் ஒளிமானியால் வெளிச்சத்தை அளந்து, காமிராவைத் தாமே திருகி அமைப்பார். இன்று நம் கையிலுள்ள வீடியோ காமிராவோ எல்லாவற்றையும் தானாகவே முடிவு செய்துகொள்கிறது.

ஆனால், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டின் மூடுபனியில் அதை இயக்கிப் பாருங்கள். வெண்பனி சாம்பல் நிறமாகத் தெரியும். எதிரே நிற்கும் நண்பனின் முகம் கருத்துவிடும். காமிரா பழுதாகிவிட்டதா? இல்லை. காரணத்தை அறிய, காமிராவுக்குள் ஒளி செல்லும் வழியைக் காண்போம்.

மூன்று கட்டுப்பாடுகள்

லென்சின் வழியே வரும் ஒளி, ஒளியுணரியின் மீது பிம்பமாக விழுந்து மின்குறிப்பாக மாறுகிறது. எவ்வளவு ஒளி பதிவாக வேண்டும் என்பதை மூன்று அமைப்புகள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, லென்சின் துளை. குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். 50 மி.மீ. குவியத் தூரத்துக்கு 25 மி.மீ. துளை என்றால் எஃப் எண் 2. விட்டம் பாதியானால் எண் 4 ஆகும். துளையின் பரப்பு கால் பங்காகக் குறைவதால் ஒளியும் கால் பங்காகும். எண் கூடினால் ஒளி குறையும் என்பதை நினைவில் கொள்க.

இரண்டாவது, ஷட்டர் நேரம். நொடிக்கு 25 படங்கள் எடுக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் 1/50 நொடி ஒளி விடுவது வழக்கம். கிளியூர் அருவியை இவ்வாறு எடுத்தால் நீர் வெண்பட்டு இழைபோல் தெரியும். 1/1000 நொடியில் துளிகள் தனித்தனியே தெரியும். ஆனால் 20 மடங்கு ஒளி தேவைப்படும்.

மூன்றாவது, மின்பெருக்கம். லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலம் நகர விளக்குகளைப் படமெடுக்கும்போது, காமிரா குறைந்த மின்குறிப்பைப் பெருக்கிக் காட்டும். கூடவே இரைச்சலும் பெருகுவதால் படத்தில் புள்ளிகள் மொய்க்கும்.

காமிரா ஏமாறுவது ஏன்?

காட்சி எதுவாயினும், அதன் சராசரி வெளிச்சம் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குச் சமம் என்று காமிரா வைத்துக்கொள்கிறது. விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நிறம் அது. மரம், சாலை, வானம் கலந்த சாதாரணக் காட்சிக்கு இக்கணக்கு பொருந்தும். மூடுபனிக்குப் பொருந்தாது. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகச் சிதறடிப்பதால் காட்சி முழுவதும் வெண்மையாகிறது. ‘வெளிச்சம் மிகுந்துவிட்டது’ எனக் கருதும் காமிரா, ஒளியைக் குறைத்துவிடுகிறது. பனி சாம்பலாகிறது, முகம் இருளாகிறது.

தீர்வு எளிது. வெளிச்சத் திருத்தத்தை +1 என வையுங்கள். பதிவாகும் ஒளி இரு மடங்காகும். பல செல்பேசிகளில் முகத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே நகர்த்தினால் போதும்.

தானியங்கிக் குவியமும் பனியில் தடுமாறும். ஒளியும் நிழலும் சந்திக்கும் விளிம்புகளைத் தேடியே அது இயங்குகிறது. பனியிலோ விளிம்புகள் மங்கிவிடுகின்றன. காப்பித் தோட்டத்துச் சவுக்கு மரத்தின் அடிமரம் போன்ற தெளிவான பொருள் நண்பனுக்குச் சமதூரத்தில் இருந்தால், அதில் குவித்துப் பூட்டிவிடுங்கள்.

செய்து பாருங்கள்

இதை அறிய ஏற்காடு வரை போகவேண்டியதில்லை. ஒரே வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளையும், பின்னர் ஒரு கரும்பலகையையும் திரை நிறையும்படி தனித்தனியே படமெடுங்கள். இரண்டும் சாம்பல் நிறத்தை நெருங்கி வருவதைக் காண்பீர்கள். வெள்ளைக்குத் திருத்தத்தைக் கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கறுப்புக்கு? காரணத்துடன் எழுதி, மீண்டும் படமெடுத்துச் சரிபாருங்கள்.