கொல்லைப்புறத்துக்குச் சிமெண்ட் போடலாமா?

பெங்களூரில் சொந்த மனையில் வீடு கட்டி முடிப்பது மாதச் சம்பளக்காரர்களுக்கு ஒரு தவம். பி.எப். பணம், சொசைட்டிக் கடன், மனைவியின் நகை எல்லாம் செங்கல்லாக மாறிய பிறகு, பின்பக்கம் திரும்பிப் பார்க்கவும் மனம் வருவதில்லை. அங்கே உடைந்த செங்கல், இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, சாரக் கட்டை, பார்த்தீனியச் செடி என்று குவிந்து கிடக்கும். "மொத்தமாகச் சிமெண்ட் போட்டுவிட்டால் தொல்லை விட்டது சார்" என்பார் மேஸ்திரி. பலரும் சரி என்று தலையாட்டி விடுகிறார்கள்.

தொல்லை அதோடு விடுவதில்லை. சிமெண்ட் தரையில் விழும் மழை நிலத்துக்குள் இறங்க வழியின்றிச் சாக்கடைக்கு ஓடும். வாட்டம் சரியில்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வறண்டு நகரம் தவித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அப்போது குடிநீர் வாரியம் அறிவித்தது. ஆகவே கொல்லையில் தோட்டம் போட நினைப்பவர் தண்ணீரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் தண்ணீர்

மொட்டைமாடி 1,000 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதன்மேல் விழும் தண்ணீர் மட்டும் சுமார் 83 ஆயிரம் லிட்டர். நாற்பதுக்கு அறுபது மனையில் உள்ள பழைய வீடுகளுக்கும், முப்பதுக்கு நாற்பது மனையில் எழும் புது வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2009ஆம் ஆண்டிலேயே விதி வந்துவிட்டது.

மாடியிலிருந்து இறங்கும் குழாயை ஜல்லி, மணல் நிரப்பிய தொட்டி வழியாக வடிகட்டி ஒரு டிரம்மிலோ தொட்டியிலோ சேர்க்கலாம். மிஞ்சுவதை உறைக் கிணற்றில் விடலாம். 3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகளை 10 அடி ஆழத்துக்காவது இறக்கி, அடியைப் பூசாமல் விட வேண்டும். அஸ்திவாரத்திலிருந்து 10 அடியாவது தள்ளியிருப்பது நல்லது. கழிவுநீர்த் தொட்டியின் அருகே கூடவே கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் கனமான மூடி அவசியம். மூடி இருந்தால் கொசுவும் சேராது.

தரைக்கு வாட்டம் எப்போதும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். பத்தடிக்கு 2 அங்குலம் போதும். தண்ணீர் நிரப்பிய டியூப்பை இருவர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும்.

அடுத்து மண்

பெங்களூர்ச் செம்மண் நல்ல மண்தான். ஆனால் சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த இடத்தில் செடி மஞ்சளித்துப் போகும். நாற்பதுக்குப் பதினைந்து அடிக் கொல்லை முழுவதையும் ஓரடி ஆழம் மாற்றினால் 600 கன அடி, அதாவது 6 யூனிட் மண் வேண்டும். கட்டுப்படியாகாது. மூன்று பக்கச் சுவரையும் ஒட்டி, அரையடி இடைவெளி விட்டு, 3 அடி அகலப் பாத்தி மட்டும் எடுத்தால் 2 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு என்று கலந்து நிரப்பலாம். தோண்டியெடுத்த செங்கல் துண்டுகளை லாரி வைத்து அப்புறப்படுத்துவானேன்? நடைபாதைக்கு அடியில் கொட்டித் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கினால் அந்தச் செலவும் மிச்சம்.

கடைசியில் செடி

ஊரில் இருந்த தோப்பையே இங்கே கொண்டுவர ஆசைப்படுவது நம்மவர் வழக்கம். தென்னைக்கு மரத்துக்கு மரம் 25 அடி வேண்டும். சின்னக் கொல்லையில் நட்டால் தேங்காய் பக்கத்து வீட்டு ஷீட்டில் விழும். சண்டை நம் வீட்டு வாசலுக்கு வரும். அதைவிட ஒரு எலுமிச்சை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, குளியல் தண்ணீர் பாயும் மூலையில் இரண்டு வாழை போதும். முருங்கைப் போத்தைச் சுவரருகே நடக் கூடாது. கிளை சட்டென்று முறியும்; கம்பளிப் பூச்சி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும்.

மனையில் ஏற்கெனவே பெரிய மரம் இருந்தால் கோடரியை எடுக்குமுன் யோசிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டுக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்கு அளிக்கப்பட்ட சில இனங்கள் தவிர, சொந்த மனை மரமானாலும் மர அதிகாரியின் அனுமதி தேவை.

மாதம் ஒரு வேலை

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்கக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஜனவரியில் குப்பை அகற்றி மட்டம் பார்க்கலாம். பிப்ரவரியில் உறை இறக்கலாம். மண் காய்ந்திருப்பதால் தோண்டுவது சுலபம். மார்ச்சில் பாத்தி வெட்டி எரு போட்டு ஆறவிடலாம். ஏப்ரல், மே கோடை மழையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்த்துக் குறையைச் சரிசெய்யலாம். ஜூன் மழை பிடித்ததும் நாற்று நடலாம். கிணறு தோண்டவும் உறை இறக்கவும் மட்டும் பழகிய ஆட்கள் வேண்டும். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டாரே செய்யக் கூடியவை.

ஜூனில் நட்ட வாழை ஏறக்குறைய ஒரு வருடத்தில் தார் தள்ளி முற்றிவிடும். பப்பாளி அதற்கும் முன்பே காய்க்கும். அடுத்த கோடையில் தெருவில் லாரித் தண்ணீருக்கு வரிசை நிற்கும்போது, அந்தச் செடிகளுக்கு வேண்டிய தண்ணீராவது வீட்டு டிரம்மிலேயே இருக்கும்.