பருத்தியும் அடிமை விலங்கும்: அமெரிக்க உள்நாட்டுப் போர், 1861–1865

இந்தப் பருத்தி அரவைப் பொறியின் உருளையைப் பாருங்கள். கம்பிப் பற்கள் பஞ்சைக் குறுகிய இடுக்குகள் வழியே இழுக்கும், கொட்டைகள் தங்கிவிடும். எலி விட்னி 1793இல் உருவாக்கிய இந்த அமைப்பு கொட்டை நீக்கும் வேலையைச் சுலபமாக்கியது. ஆனால் களையெடுப்பதும் பஞ்சு பறிப்பதும் அடிமைகளின் கைவேலையாகவே இருந்தன. பருத்தி நிலங்கள் விரிய விரிய அடிமைச் சந்தையும் பெருத்தது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் 39 லட்சத்தைத் தாண்டினர்.

மேற்கின் புதிய மாநிலங்களில் அடிமை முறையை அனுமதிப்பதா என்ற கேள்வி நாட்டைப் பிளந்தது. தப்பியோடியவர்களைப் பிடித்துக்கொடுக்க 1850ஆம் ஆண்டுச் சட்டம் வட மாநிலத்தாரையும் கட்டாயப்படுத்தியது. கறுப்பின மக்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது என 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிமை முறை மேலும் பரவக் கூடாது என்ற ஆபிரகாம் லிங்கன் 1860 அதிபர் தேர்தலில் வென்றதும் தென் கரோலினா பிரிந்தது. போர் தொடங்குவதற்கு முன்னும் பின்னுமாக மேலும் பத்து மாநிலங்கள் தொடர்ந்தன. 1861 ஏப்ரல் 12இல் தென் கரோலினாவின் சம்டர் கோட்டையின் மீது பீரங்கிகள் முழங்கின; போர் தொடங்கியது.

ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மடிந்தனர். 1865 டிசம்பரில் 13ஆம் அரசியல் சட்டத் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. போருக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தென் கரோலினாவின் பிரிவினைப் பிரகடனமே அடிமை முறையைத்தான் காரணமாகச் சொல்கிறது.