அலமாரியில் இருக்கும் கல்யாண காசெட்
(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சாமி படத்துக்குக் கீழே கண்ணாடி அலமாரியில் பதினொரு வீடியோ காசெட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா கல்யாணம், தாத்தா பாட்டியின் அறுபதாம் கல்யாணம், தோட்டத்துத் தீமிதி, தம்பியின் காதுகுத்து. "இதையெல்லாம் போட்டுப் பார்த்து எத்தனை வருஷமாச்சும்மா?" என்று கேட்டேன். "பிளேயர் கெட்டுப்போயி பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டே இருபது வருஷம் இருக்கும் தம்பி" என்றார் அந்த அம்மா.

அந்தத் தோட்டத்து லயங்கள் இன்று இல்லை. ஆயாக்கொட்டகையும் இல்லை. கோயில் இடம் மாறிவிட்டது. சபாக் பெர்ணம் முதல் ஈஜோக் வரை எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிகிற தண்ணீர்த் தொட்டியும் லயத்து வாசலும் வேறெங்கும் அசையும் படமாகப் பதிவாகவில்லை. ஆகவே இது ஒரு வீட்டுச் சொத்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

காசெட் ஏன் கெட்டுப்போகிறது? உள்ளே இருப்பது அரை அங்குல அகலமுள்ள பாலியஸ்டர் நாடா. அதன் மேல் காந்தத் துகள்களைப் பசை போன்ற ஒரு பூச்சில் கலந்து ஒட்டியிருக்கிறார்கள். படம் அந்தத் துகள்களில் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரத்தைப் பசை இழுக்க இழுக்க, அது பிசுபிசுத்து உதிரத் தொடங்கும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் ஆண்டு முழுதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. பூஞ்சணத்துக்கு அதைவிடக் குறைவான ஈரமே போதும்.

நாடா பிழைத்தாலும் ஓட்டுவதற்கு இயந்திரம் வேண்டுமே. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் வி.எச்.எஸ் முறையைக் கொண்டு வந்தது 1976இல். பிளேயர் தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையதுதான். 2025ஐ ஒட்டி இத்தகைய நாடாக்களை ஓட்டிப் பார்ப்பதே அரிதாகிவிடும் என்று யுனெஸ்கோ 2019இல் உலகத்தை எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது.

எனவே முதல் வேலை, காசெட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொடியோ நூலாம்படை போன்ற படலமோ தெரிந்தால், தயவுசெய்து எந்தப் பிளேயரிலும் போடாதீர்கள். பூஞ்சணம் பிளேயருக்குள் ஒட்டிக்கொண்டு அடுத்த காசெட்டுக்கும் பரவும். வடகம் காய வைப்பதுபோல வெயிலில் வைக்கவும் வேண்டாம். சூட்டில் நாடா நெளிந்துவிடும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு ஈரத்தை இறக்கிய பிறகு, காசெட்டைப் பிரித்துச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமான காசெட்டையும் உடனே ஓட்டக் கூடாது. ஒருமுறை முழுதாக முன்னோக்கிச் சுற்றி, பிறகு பின்னோக்கிச் சுற்றுங்கள். பல வருடம் ஒட்டிக் கிடந்த சுருள் தளரும். காசெட்டின் முதுகில் உள்ள சிறு பிளாஸ்டிக் தாவல் உடையாமல் இருந்தால் அதை உடைத்துவிடுங்கள். அப்போதுதான் தவறுதலாக அதன்மேல் வேறு எதுவும் பதியாது. கல்யாணத்துக்கு மேல் சினிமாவைப் பதிந்துவிட்டு அழுத வீடுகள் உண்டு. அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1969இல் மனிதன் நிலவில் இறங்கிய காட்சியின் மூல நாடாக்களையே அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நாசாவே 2009இல் ஒப்புக்கொண்டது!

"நாங்கதான் 2003லயே விசிடி போட்டுட்டோமே" என்பார்கள் பலர். அங்கேதான் சிக்கல். நம் நாட்டுப் பால் முறைப் படத்தில் 576 வரிகள் உண்டு. விசிடியில் 288தான். பாதி வரிகள் போய்விட்டன. போதாததற்கு அதிகமாகச் சுருக்கியதால், கூட்டத்தில் நிற்பவர்களின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து தெரியும். விசிடி கைக்கு வந்ததும் காசெட்டைத் தூக்கி எறிந்தவர்களுக்கு இனி வழியில்லை. வைத்திருப்பவர்கள் விசிடியிலிருந்து அல்ல, காசெட்டிலிருந்தே மறுபடி மாற்றுங்கள். மாற்றிய பிறகும் காசெட்டை எறியாதீர்கள்.

கடைக்குப் போனால் என்ன கேட்பது? 576 வரிகளும் வருமா, படத்தின் ஆட்டத்தைச் சீராக்கும் கருவி வைத்திருக்கிறீர்களா, டிவிடி மட்டுமல்லாமல் எம்பி4 கோப்பாகவும் தருவீர்களா என்று கேளுங்கள். மூன்று மணி நேர காசெட்டை மாற்ற மூன்று மணி நேரம் ஓட்டித்தான் ஆக வேண்டும். பத்து காசெட்டை ஒரே பிற்பகலில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் பிளேயர் எத்தனை இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டிலேயே செய்ய விரும்புகிறவர்கள் பழைய பிளேயரின் மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளை யூஎஸ்பி பிடிப்புக் கருவி வழியாகக் கணினியில் செருகினால் போதும். மலிவான கருவிகளில் படமும் குரலும் விலகிப் போகும். அதனால் ஐந்து நிமிடம் சோதித்துப் பார்த்த பிறகே முழு காசெட்டையும் ஓட்டுங்கள்.

பணம் குறைவென்றால் எதை முதலில் மாற்றுவது? பெரும்பாலோர் கல்யாண காசெட்டைத்தான் எடுப்பார்கள். என் கருத்து வேறு. சினிமாப் பாட்டைப் போட்டு, ரோஜாப்பூவுக்குள் மணமக்கள் முகத்தைச் சுழலவிட்ட கல்யாண வீடியோவில் பேச்சுக்குரல் பெரும்பாலும் இருக்காது. மாமா கையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி எடுத்தாரே, வெட்டாமல் ஒட்டாமல் இருக்கும் அந்த காசெட்டை முதலில் எடுங்கள். பாட்டி அதட்டும் குரலும் கோயில் உடுக்கைச் சத்தமும் அதில்தான் இருக்கும்.

கோப்பு கைக்கு வந்ததும் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். "இது யாரு பாட்டி? இந்தத் தண்டல் பேரு என்ன?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து கொள்ளுங்கள். கோப்பின் பெயரிலேயே வருடம், தோட்டம், நிகழ்ச்சி மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும், இன்னொன்று கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளை வீட்டில். பழைய காசெட்டுகளைப் படுக்க வைக்காமல், புத்தகம்போல நிமிர்த்தி, அடுப்படிக்கும் கூரைக்கும் எட்டத்தில் வைத்துவிடுங்கள்.