தொலைக்கட்டுப்பாட்டு நடுவண் பூட்டு (பழைய வேன்கள்)

தொலைக்கட்டுப்பாட்டு நடுவண் பூட்டு என்பது ஒரு வாகனத்தின் எல்லாக் கதவுகளையும், கையடக்கக் கருவி ஒன்றின் பொத்தானை அழுத்தி ஒரே நேரத்தில் பூட்டவும் திறக்கவும் உதவும் மின் அமைப்பு ஆகும். பேச்சு வழக்கில் இது சென்ட்ரல் லாக் அல்லது ரிமோட் லாக் என்று அழைக்கப்படுகிறது. இவ்வசதி இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பழைய வேன்களிலும் இதனைப் பின்னர் பொருத்த முடியும். எனினும் வேனின் தள்ளு கதவு, குழந்தைகளை ஏற்றிச் செல்லும் அதன் பயன்பாடு, கல்வராயன் மலை போன்ற இடங்களின் மழை ஆகியவை கூடுதல் கவனத்தை வேண்டுவன. மின்சாரம் இல்லாதபோதும் உள்ளே இருப்பவர் கதவைக் கையால் திறக்க முடிய வேண்டும் என்பது இவ்வமைப்பைப் பொருத்துவதில் முதன்மையான பாதுகாப்பு நெறியாகும்.

வரலாறு

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1956 ஆம் ஆண்டு மாதிரிகளில் மின் கதவுப் பூட்டுகளை அறிமுகப்படுத்தியது. தொலைக்கட்டுப்பாட்டுடன் கூடிய நடுவண் பூட்டு 1982 இல் பிரான்சின் ரெனோ ஃபியூகோ மகிழுந்தில் இடம்பெற்றது. இதனை உருவாக்கியவர் பால் லிப்சுட்சு. அவர் பெயரையொட்டி இக்கருவி பிரான்சில் 'பிளிப்' எனப்பட்டது.

தமிழ்நாட்டில் பழைய வேன் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது மாருதி ஆம்னி ஆகும். 1984 இல் மாருதி வேன் என்ற பெயரில் வெளிவந்த இது, 1988 இல் ஆம்னி எனப் பெயர் மாற்றம் பெற்றது. 796 கன செ.மீ. பொறி கொண்ட இவ்வண்டியின் உற்பத்தி 2019 இல் நிறுத்தப்பட்டது. பள்ளி வண்டியாகவும், வாடகை வண்டியாகவும், அவசர ஊர்தியாகவும் இது பயன்பட்டு வந்துள்ளது.

அமைப்பு

இவ்வமைப்பில் மூன்று பகுதிகள் உள்ளன.

1. ரிமோட்: வானொலி அலை மூலம் குறிமுறையை அனுப்புவது. இந்தியாவில் விற்கப்படும் ரிமோட்டுகளில் 433.92 மெகாஎர்ட்சு அலைவெண் பரவலாக உள்ளது.
2. கட்டுப்பாட்டுப் பெட்டி: அலையைப் பெற்று, குறிமுறையைச் சரிபார்த்து, ரிலேக்கள் வழியாக மின்சாரத்தைச் செலுத்துவது.
3. பூட்டு மோட்டார்கள்: ஒவ்வொரு கதவினுள்ளும் பூட்டுக் கம்பியை இழுத்தோ தள்ளியோ இயக்குபவை.

ரிமோட்டுக்கும் பெட்டிக்கும் இடையே செல்லும் அலை நேரடியானது. ஆகவே கைப்பேசிக் கோபுரத்தின் அலை கிடைக்காத மலைச் சிற்றூர்களிலும் இது தடையின்றி இயங்கும்.

செயற்படும் விதம்

பூட்டு மோட்டார்கள் இரு வகைப்படும். இரண்டு கம்பிகள் கொண்ட மோட்டார் கட்டளைக்கு ஏற்ப இயங்க மட்டுமே செய்யும். ஐந்து கம்பிகள் கொண்ட மோட்டாரில் இரண்டு கம்பிகள் மோட்டாருக்கும், எஞ்சிய மூன்று உள்ளமைந்த ஆளிக்கும் உரியவை. இந்த ஆளி, கதவு பூட்டப்பட்டதா திறக்கப்பட்டதா என்பதைப் பெட்டிக்குத் தெரிவிக்கும். ஐந்து கம்பி மோட்டாரை ஓட்டுநர் கதவில் பொருத்தினால், அக்கதவைச் சாவியால் திறக்கும்போதும் மற்ற கதவுகள் சேர்ந்து திறக்கும்.

பெட்டி ஒரு நொடிக்கும் குறைவான நேரமே மின்சாரத்தைச் செலுத்துகிறது. மின்னோட்டத்தின் திசை மாறினால் மோட்டாரின் இயக்கமும் எதிர்த்திசைக்கு மாறும். மின்சாரம் நின்றபின் மோட்டார் கம்பியைப் பிடித்துக் கொள்வதில்லை. ஆகவே சரியாகப் பொருத்திய கதவைக் கையாலும் சாவியாலும் எப்போதும் இயக்க முடியும்.

பொருத்தும் முறை

கதவின் உட்புற அட்டையைக் கழற்றி, பூட்டுக் குமிழையும் பூட்டையும் இணைக்கும் கம்பி முதலில் கண்டறியப்படுகிறது. மோட்டாரின் தண்டு அக்கம்பிக்கு இணையாக அமையுமாறு துளைத் தகட்டில் முடுக்கப்பட்டு, சிறு இணைப்பானால் கம்பியுடன் பிணைக்கப்படுகிறது. கோணம் பிசகினால் கம்பி முழுத் தொலைவு நகராமல் பூட்டு பாதியில் நிற்கும். அட்டையை மூடும் முன் கண்ணாடியை முழுவதும் இறக்கி, அது மோட்டாரில் இடிக்கவில்லை என உறுதி செய்தல் வேண்டும். கதவிலிருந்து வண்டிக்குள் செல்லும் கம்பிகள் இரப்பர்க் குழாய் வழியே செலுத்தப்படுகின்றன. மின்கலத்திலிருந்து வரும் கம்பியில் ஃபியூஸ் இடம்பெற வேண்டும்.

தள்ளு கதவின் சிக்கல்

கீலில் திரும்பும் கதவுக்குக் கம்பியை எளிதில் கொண்டு செல்லலாம். தள்ளு கதவு முழுவதுமாகப் பின்னோக்கி நகர்வதால் இவ்வழி பயன்படாது. எனவே கதவின் ஓரத்தில் சுருள்வில் கொண்ட தொடுமுனைகளும், எதிரேயுள்ள தூணில் உலோகத் தகடுகளும் பொருத்தப்படுகின்றன. கதவு மூடியிருக்கும்போது மட்டும் இவை ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும்.

இதில் ஒரு குறைபாடு உண்டு. தள்ளு கதவு திறந்திருக்கும்போது பூட்டும் பொத்தானை அழுத்தினால் அதன் மோட்டாருக்கு மின்சாரம் செல்லாது. பின்னர் கதவை மூடினாலும் அது பூட்டப்படாமலேயே இருக்கும். இரண்டு கம்பி மோட்டார் தன் நிலையைத் தெரிவிக்காததால், விளக்குகள் மின்னி வண்டி பூட்டப்பட்டதாகவே காட்டும். எல்லாக் கதவுகளையும் மூடியபின் பூட்டி, தள்ளு கதவைக் கையால் இழுத்துப் பார்ப்பதே இதற்குத் தீர்வாகும்.

குறிமுறையும் திருட்டுத் தடுப்பும்

எளிய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே குறிமுறையை அனுப்புகின்றன. மூன்று நிலைகள் கொண்ட 12 இலக்கக் குறிமுறையில் 5,31,441 சேர்க்கைகள் கிடைக்கும். ஆயினும் அவ்வலையைப் பதிவு செய்து மீண்டும் ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடும்.

மாறும் குறிமுறையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் புதிய எண் உருவாகிறது. பழைய எண்ணைப் பெட்டி ஏற்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் 1980களில் உருவாகி, 1995 இல் மைக்ரோசிப் நிறுவனத்துக்கு விற்கப்பட்ட கீலாக் இவ்வகையில் பரவலானது. பெட்டிக்கு எட்டாத தொலைவில் பொத்தானைப் பலமுறை அழுத்திவிட்டால், அடுத்து இருமுறை அழுத்தியே வண்டியைத் திறக்க வேண்டியிருக்கும். ரிமோட்டின் எண் பெட்டி எதிர்பார்க்கும் எண்ணைவிட வெகுவாக முன்னேறிவிடுவதே இதற்குக் காரணம். 2008 இல் செருமனியின் போகும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கீலாக்கையும் உடைத்துக் காட்டினர். எனினும் மாறாத குறிமுறையைவிட இது பாதுகாப்பானது.

பயணிகள் பாதுகாப்பு

திறக்கும் பொத்தானை அழுத்தியபின் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், பல பெட்டிகள் அரை நிமிட அளவில் கதவுகளைத் தாமாகவே மீண்டும் பூட்டிவிடும். கதவு திறந்ததைப் பெட்டி அறிய, கதவுச் சட்டத்தில் உள்ள ஆளியின் கம்பி அதனுடன் இணைக்கப்பட வேண்டும். தள்ளு கதவின் ஆளியை இணைக்காமல் விட்டால், அக்கதவின் வழியே குழந்தை ஏறியதைப் பெட்டி அறியாது. குழந்தையும் சாவியும் உள்ளிருக்கக் கதவுகள் பூட்டிக்கொள்ளும் நிலை இவ்வாறு உருவாகலாம்.

வெயிலில் நிற்கும் மூடிய வண்டியின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 பாகை செல்சியசு உயர்வதாகவும், அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்வதாகவும் 2005 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே பள்ளி வேன்களில் இவ்விணைப்பைத் தவிர்ப்பது உயிருக்கு ஆபத்தானது. குமிழை அகற்றுவதும் கைப்பிடியின் உள் இணைப்பைத் துண்டிப்பதும் அவ்வாறே ஆபத்தானவை.

இந்தியாவில் 2019 சூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் மகிழுந்துகளில், நடுவண் பூட்டைக் கையால் மீறித் திறக்கும் வசதி கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முன் வெளிவந்த வேனில் இவ்வசதி பழுதின்றி இருப்பது பொருத்துபவரின் கவனத்தைப் பொறுத்தது.

மலைப் பகுதிகளில் பயன்பாடு

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் வழியாக மலைச்சாலை வெள்ளிமலையை அடைகிறது. இத்தகைய சாலைகளில் ஓடும் வண்டிகளில் பின்வருவன கவனிக்கத்தக்கவை.

நீர்: கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அட்டைக்குப் பின்னுள்ள நெகிழித் தாளை மீண்டும் ஒட்டி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளை அடைக்காமல் விட வேண்டும். தொடுமுனைகளில் படியும் சேற்றையும் பச்சைப் படிவையும் அவ்வப்போது துடைத்தல் வேண்டும்.

அதிர்வு: மேடுபள்ளமான சாலையில் இணைப்பானின் திருகு தளரும். ஒரு கதவு மட்டும் பூட்டாமல் போவதற்கு இது பொதுவான காரணமாகும்.

மின்கலம்: கட்டுப்பாட்டுப் பெட்டி எப்போதும் சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். அது 20 மில்லி ஆம்பியர் எனில், 30 நாட்களில் 14.4 ஆம்பியர்-மணி செலவாகும். இது 35 ஆம்பியர்-மணி மின்கலத்தில் ஐந்தில் இரண்டு பங்காகும். பல நாட்கள் ஓட்டாமல் நிறுத்தும்போது ஃபியூசைக் கழற்றி வைக்கலாம். அப்போது ரிமோட் இயங்காது என்பதால் ஓட்டுநர் கதவின் சாவித் துளையும் சாவியும் நல்ல நிலையில் இருத்தல் வேண்டும்.